புருஷன் கைகாட்டிய வழி

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் நகராட்சிக்குத் திடீரென்று ஞானம் வரும். சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அது துருப்பிடித்துக் கிடக்கிறது, மார்ச் முடிவதற்குள் அதை மாற்றாவிட்டால் அந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணம் கைவிட்டுப் போய்விடும். உடனே எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் தோண்ட ஆரம்பிப்பார்கள்.

ஒசாகாவுக்குத் தெற்கே, சைக்கிள் பாகங்கள் செய்தே பேர் வாங்கிய ஊர் எங்களுடையது. அந்தப் பெருமைக்காகவே என் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை இருக்கும் பெரிய சாலையின் ஓரத்தில் நீல அம்புக்குறி போட்டுச் சைக்கிள் பாதை அமைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நகராட்சிப் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து ரிப்பன் வெட்டினார். திரும்பிப் போகும்போது காரில் போனார். சைக்கிளை நான்தான் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பழைய குழாய் சரியாக அந்த நீல அம்புகளுக்குக் கீழே ஓடியது. ஆகவே பாதையைத் தோண்டினார்கள்.

ஹமானோ மசுயோ அக்காவைத் தெரியாத ஆள் எங்கள் கடைத்தெருவில் கிடையாது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சைக்கிள்தான். அந்தச் சைக்கிளில் முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை, கைப்பிடிகளுக்குப் பஞ்சு வைத்த உறை, குடையைச் செருகி நிறுத்த ஒரு கொக்கி எல்லாம் உண்டு. குடை பிடித்து ஓட்டினால் போலீஸ் திட்டும் என்பதால், போலீஸ் சாவடி வருமுன் குடையை மடக்கிவிட்டு, சாவடிக்காரருக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

அவர் வாய் ஊரறிந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் குளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பாராம். மசுயோ அக்கா கெஞ்ச மாட்டார். "சரி, வேணாம் விடுங்க. டாக்டரைக் கூப்பிட்டு, ஆளு போயிட்டாருன்னு எழுதித் தரச் சொல்றேன். வாசனை அப்படித்தான் இருக்கு" என்பார். பேராசிரியர் சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் இறங்கிவிடுவார்.

அவருடைய கணவர் இசாவோ முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். சைக்கிள்காரர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் கொசு. வீட்டிலேயே ஒரு கொசுவை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று நான் கேட்டதுண்டு. வீட்டுக் கொசு கடித்துப் பழகிவிட்டது என்பார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். "அடுத்த வீட்டுக் கிழவனைப் பாத்துக்கிட்டா எனக்குச் சம்பளம் தராங்க. உன்னைப் பாத்துக்க ஒருத்தனும் தரமாட்டேங்கறான். கெளம்பு" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் இசாவோ அண்ணன் சாலைப் பணிகளில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி ஆனார். மஞ்சள் தலைக்கவசம், பளபளக்கும் மேல்சட்டை, ஒரு விசில், கையில் சிவப்பு விளக்குக் கோல். ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவருக்குப் பஸ்ஸை நிறுத்துகிற அதிகாரம் கிடைத்தால் எப்படி இருக்கும்? முதல் வாரம் அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. பிப்ரவரியில் அவரை என் கடைக்கு எதிரிலேயே நிறுத்தினார்கள்.

சைக்கிள் பாதை முழுவதையும் தடுப்புக் கம்பிகளால் அடைத்திருந்தார்கள். எங்கள் நாட்டில் அந்தக் கம்பியைத் தாங்குகிற கால்கள் பச்சைத் தவளையாகவோ இளஞ்சிவப்பு முயலாகவோ இருக்கும். ஜனங்களுக்குக் கோபம் வராமல் இருக்க ஏற்பாடு. பக்கத்தில் ஒரு பலகை. அதில் தலைக்கவசம் போட்ட ஒருவன் இடுப்பு ஒடிய வணங்கி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கிறான். அவன் காலடியில், சைக்கிளில் வருபவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லவும் என்று எழுதியிருந்தது. எங்கே தள்ளுவது என்று எழுதவில்லை. நடைபாதையில் புதுக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சாலையில் சிமெண்ட் லாரிகள். இரண்டுக்கும் நடுவே, தோண்டிய பள்ளத்தை மூட இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். காலையில் பாதிப் பேர் லாரிக்கு முன்னால் வளைந்து போனார்கள், பாதிப் பேர் தகட்டின் மேல் ஏறிப் போனார்கள். டயர் கிழிந்தவர்கள் என்னிடம் வந்தார்கள். வியாபாரத்துக்குக் குறைவில்லை.

வீட்டில் தினமும் சாப்பாட்டோடு இந்தப் பேச்சும் நடந்ததாம். உன் தவளைகளைக் கொஞ்சம் தள்ளி வை என்று அக்கா சொல்வார். தவளையை வைப்பது மேற்பார்வையாளர் குரிதா, நான் கை ஆட்டுகிறவன் மட்டும்தான் என்பார் இவர். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் இவர் கேட்டதற்கு, "நீ ஒரு நாளாவது பஸ்ஸை எறங்கித் தள்ளியிருக்கியா?" என்று கேட்டாராம் அக்கா. இவர் சோறு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

அது மழைக்காலை. நான் கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் இசாவோ அண்ணன் ஒரு சிமெண்ட் லாரியை உள்ளே விடப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னால் பஸ். அந்த நேரம் ஊதா நிற மழைக்கோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடித் தாள், வாய்க்கு முகமூடி. மழை நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அண்ணன் லாரியிலிருந்து கண்ணை எடுக்காமலே கோலைத் தகட்டுப் பக்கம் வீசினார்.

"ஏ பாட்டி, இப்படிப் போ, இப்படி. சீக்கிரம்."

சைக்கிள் தகட்டில் ஏறியது. தகட்டின் விளிம்பு ஒரு விரல் தூக்கிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் அதில் வழுக்கி ஒரு பக்கமாகப் போனது. பெண் இரண்டு தவளைகளையும் ஒரு முயலையும் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தாள், இடது கை உடம்புக்கு அடியில். அவள் தலைக்கும் பஸ்ஸின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. பஸ் போய்விட்டது. அண்ணன் ஓடிவந்து குனிந்தார்.

"பாட்டி, அடி கிடி பட்டுதா?"

அவள் நல்ல கையால் கண்ணாடித் தாளைத் தூக்கினாள்.

"யாருய்யா பாட்டி?" என்றார் மசுயோ அக்கா.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்சில் அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தாராம். மருத்துவமனையில் நர்ஸ் அவரைப் பார்த்து, விபத்தில் அடிபட்டவர் நீங்களா என்று கேட்டாராம்.

சில நாள் கழித்து அக்கா கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தார். நான் தூக்கி வந்து வைத்திருந்த அவருடைய சைக்கிளைப் பார்த்தார். முன் சக்கரத்தின் வளையம் கோணியிருந்தது. அவருக்கு அதுகூடப் பெரிதில்லை. புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மழைக்கோட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் அவர் என்ன செய்வார் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"நான் அவரைத் தூரத்துலேர்ந்தே பாத்துட்டேன் தம்பி" என்றார். "அவரும்தான் தலைக்கவசம், முகமூடி எல்லாம் போட்டிருந்தார். எனக்குத் தெரிஞ்சுதே. வலது தோளு எறங்கியிருக்கும், நிக்கறதுலயே தெரியும். நான் அந்தத் தகட்டு மேல எப்பவும் ஏற மாட்டேன். எறங்கித் திட்டிக்கிட்டே தள்ளிட்டுப் போவேன். அன்னிக்கு நம்ம ஆளு கைகாட்டறாரே, பாத்துத்தான் காட்டுவாருன்னு ஏறினேன்."

பிறகு கோணல் வளையத்தைச் சுழற்றிப் பார்த்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போய்விட்டது என்று திட்டிவிட்டுக் குடித்தார்.

அடுத்து வந்தது இன்னொரு வம்பு. குரிதா நல்ல பையன்தான், முப்பது வயதுக்குள் முடி கொட்டிப்போனவன். மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே நகராட்சி, நடுவில் இவன். பயறு இனிப்புப் பெட்டியோடு மசுயோ அக்கா வீட்டுக்குப் போய் வணங்கிவிட்டு வந்தான். மறுநாள் நகராட்சியிலிருந்து ஒரு அம்மாள் விசாரிக்க வரப்போகிறார் என்பதால், இசாவோ அண்ணனைத் தனியே கூப்பிட்டு, சைக்கிளில் வந்த பெண்மணி கொஞ்சம் வேகமாக வந்ததாகச் சொன்னால் எல்லோருக்கும் சௌகரியம் என்றானாம். அந்த எல்லோரிலும் அண்ணனின் மனைவி இல்லை என்பது இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. அந்த அம்மாள் வந்து கேட்டபோது அண்ணன், "வேகமாத்தான் வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். முப்பது வருடப் பஸ்காரர் வாயில் அது தானாகவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் மீன்கடை நொபுகோ நின்றுகொண்டிருந்தாள். அன்று மீனைவிட அந்தச் செய்திதான் அதிகம் விற்றது.

மசுயோ அக்கா கத்தவில்லை. ஒற்றைக் கையால் தன் படுக்கையை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் வேலை செய்யும் முதியோர் சேவை நிலையத்திலிருந்தே மதியமும் இரவும் சாப்பாட்டுப் பெட்டி வரவழைத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு மட்டும். உப்பில்லாத, பல்லில்லாதவர்களுக்காக மசித்த சாப்பாடு. அதைப் புருஷன் எதிரில் உட்கார்ந்து, அமிர்தம் போலச் சாப்பிடுவாராம். இசாவோ அண்ணன் கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மதியம் அவர் என் கடைக்குள் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ சைக்கிள்ல பிரேக் எப்படி இருந்துச்சு?" என்றார்.

ஜனவரியில் நானே புதுசு போட்டது என்றேன்.

"வேகமா வந்தாளா?"

"நீங்கதானே அண்ணே பாத்தீங்க."

அவர் வெளியே தவளைகளைப் பார்த்தார்.

"நான் எங்க பாத்தேன். நான் லாரியைப் பாத்துட்டிருந்தேன். சைக்கிளை நான் பாக்கறதே இல்லப்பா. பஸ் ஓட்டறப்பவும் அப்படித்தான். கண்ணாடியில ஓரமா ஏதோ அசையும். அதுக்கு மூஞ்சி இருக்கு, வீடு இருக்குன்னு நெனச்சா பஸ் ஓட்ட முடியாது. ஓரமாப் போன்னு ஹாரன் அடிப்பேன், போயிடும். அன்னிக்கும் ஏதோ ஊதாவா வந்துச்சு. தள்ளி விட்டேன்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவிடம் இதையே சொல்லலாமே என்றேன். அவள் என் பேச்சு கேட்கிற நிலைமையில் இருந்தால் நான் ஏன் உன் கடைக்கு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

நேராகக் குரிதாவிடம் போய், நான்தான் கைகாட்டினேன், அவள் மெதுவாகத்தான் வந்தாள், தகடு தூக்கிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிட்டார். நகராட்சி அம்மாளிடமும் அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னார். குரிதா பலகையில் இருக்கிறவன் மாதிரியே வணங்கினான். தடுப்பை எங்கே வைப்பது என்பது வரைபடத்தில் இருக்கிறது, மாற்றுவதற்கு மேலே கேட்க வேண்டும், மேலே இருப்பவர்கள் அவர்களுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று விளக்கினான். கேளு, நல்லாக் கேளு என்றார் அண்ணன்.

மறுநாள் விடிந்ததும் என் கடைக் கதவைத் தட்டி, அளவு பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அக்காவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். தலைக்கவசம் போட்ட ஒரு பெரியவர் பூப்போட்ட கூடை வைத்த பெண்கள் சைக்கிளைத் தவளைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு நடந்ததைத் தெருவே பார்த்தது. சைக்கிளின் கைப்பிடி அகலம், அதற்கு அப்பால் தன் முழங்கை அகலம், அவ்வளவு இடம் விட்டுத் தவளைகளையும் முயல்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கார் போகிற பக்கம் நகர்த்தினார். தகடுகளின் மேல் ரப்பர் விரிப்பை விரித்து, ஓரங்களைப் பசை நாடாவால் ஒட்டினார். கார்கள் இனி இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துத்தான் போக முடியும். கார் வரிசை தெருக்கோடியில் இருக்கும் சூதாட்டக் கடை வரை நீண்டது.

குரிதா வந்து தவளைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். மதியம் அவன் சாப்பிடப் போன சமயத்தில் அண்ணன் திரும்பவும் நகர்த்தினார். இந்த ஆட்டம் நாள்கணக்கில் நடந்தது. கடைசியில் குரிதா, பஸ் தாமதமாகிறது என்று புகார் வந்திருக்கிறது என்றான்.

"முப்பது வருஷம் நான் ஓட்டினேன். ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்ல" என்றார் அண்ணன். "அப்பல்லாம் தவளை எங்கடா இருந்துச்சு?" அதற்குப் பிறகு குரிதா தவளைகளைத் தொடுவதை விட்டுவிட்டான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்தது. சைக்கிளில் வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து, குனிந்து, காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிப் பிள்ளைகள், கோயில் பூசாரி, வங்கிக்காரன் யாரையும் விடவில்லை. மூஞ்சி தெரியாவிட்டால் கோலைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிடுவார். மழைத் தொப்பிக்குள் குனிந்து எட்டிப் பார்த்ததற்கு ஒரு இளம்பெண்ணிடம் குடையால் ஒன்று வாங்கினார். அதற்கும் வணங்கினார்.

பிறகு ஒரு மழை நாள். தூரத்தில் ஊதா மழைக்கோட்டு ஒன்று நடந்து வந்தது. அண்ணன் நிமிர்ந்து நின்றார். விசிலை ஊதி இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினார். லாரி நின்றது, பஸ் நின்றது, அந்தப் பஸ்ஸை ஓட்டி வந்த, முன்பு அவருக்குக் கீழே பயிற்சி எடுத்த பையன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். அண்ணன் சாலை நடுவில் வந்து, தலைக்கவசம் முழங்காலைத் தொடும்படி வணங்கினார்.

"மசுயோ, தப்பு என் மேலதான். வா, பாத்து வா" என்றார்.

ஊதா மழைக்கோட்டு நின்றது. தொப்பியைத் தள்ளியது. உள்ளே மீன்கடை நொபுகோ. இருவருடைய மழைக்கோட்டும் ஒரே பல்பொருள் அங்காடியில், ஒரே தள்ளுபடியில் வாங்கியவை.

நொபுகோ கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டாள், மீதிப் பாதி நேரிலேயே பார்த்திருந்தது. நான் சிரித்துச் சிரித்து ஒரு ட்யூபில் பஞ்சர் ஒட்டுத் துண்டை இடம் மாற்றி ஒட்டினேன். மசுயோ அக்காவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை, எல்லோரும்தான் சொன்னார்கள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா அடுப்படியில் நின்றிருந்தாராம். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்து இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மீன்காரியும் நானும் உனக்கு ஒண்ணா?" என்று அக்கா கேட்டார். அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவரும் உட்கார்ந்தார். குரிதாவிடம் உண்மையைச் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். அது தெரியும், அந்தப் பையன் மூன்றாவது பெட்டி இனிப்போடு வந்து அழுதுவிட்டுப் போனான் என்றார் அக்கா. அன்று ஒற்றைக் கையால் முட்டைக்கோஸ் நறுக்க முடியாததால், அவர் சொல்லச் சொல்ல அண்ணன் நறுக்கி, இருவருக்கும் உடோன் நூடுல்ஸ் செய்தார். அது எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். உப்பில்லாத சாப்பாடே தேவலை என்றார் அக்கா.

நகராட்சி அம்மாள் மறுபடி வந்தபோது சைக்கிள்கள் தவளைகளுக்கு இந்தப் பக்கம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன. நடந்ததை அண்ணன் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டார். இந்த ஏற்பாடு யாருடைய யோசனை என்று கேட்டார். குரிதா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்களே யோசித்தோம் என்றான். அவனைத் தவளைகளோடு நிற்க வைத்துப் படம் எடுத்து நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வேலை முடியும்வரை தடுப்புகள் அண்ணன் வைத்த இடத்திலேயே இருந்தன. அண்ணன்தான் இல்லை. காரில் போகிறவர்களின் புகார்கள் சேர்ந்துபோனதால் அவரை ஒரு அங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சைக்கிள் பாதைக்காக ஒருவரை வேலையிடம் மாற்றினார்கள் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெருமைக்குக் குறைவு என்பதால், வயதை முன்னிட்டு மாற்றியதாகச் சொன்னார்கள்.

மார்ச் கடைசியில் பள்ளத்தை மூடித் தார் போட்டார்கள். நீல அம்புகள் போன இடத்தில் கறுப்புப் பட்டை. வர்ணத்துக்குப் பணம் அடுத்த வருடக் கணக்கில் வருமாம். அம்பு இல்லாமலே ஜனங்கள் அதில் போகிறார்கள்.

அக்காவின் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கொஞ்சம் ஒருக்களித்து நின்றது. ஈரத்துணியை அழுத்திப் பிழிய முடியவில்லை. குளிப்பாட்டும் வேலையை வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள், இவருக்குச் சமையல் மட்டும். பேராசிரியர் அந்தப் புதுப் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள் என்று மறுபடி குளிக்க மறுக்கிறாராம். வாரத்துக்கு ஒருமுறை இவர் போய்க் கதவுக்கு வெளியே நின்று திட்டிவிட்டு வருகிறார், சம்பளமில்லாமல்.

வளையத்தை நான் நிமிர்த்திக் கொடுத்தேன். புதுசு போட்டுவிடலாம் என்றதற்கு, என் கையும் கோணல், இதுவும் கோணலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். போன வாரம் அங்காடிக்குப் போய், கார் நிறுத்துகிற கட்டத்தில் சைக்கிளை நிறுத்தினாராம். இசாவோ அண்ணன் கோலோடு ஓடிவந்து, இது காருக்கான இடம், எடு என்றார். எடுக்க மாட்டேன் என்று இவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது சைக்கிள் அங்கேயே நின்றது. அதைச் சுற்றி நான்கு மூலையிலும் ரப்பர்க் கூம்பு வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் நின்று கார்களை வேறு பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்.